ஒற்றை ஃபேஸில் ஒரு மாவு மில்

புது இடத்தில் மெஷினை இறக்கிப் போட்ட அன்று, லோடு ஏற்றி வந்தவர்களில் ஒருவர் நெற்றி வேர்வையை வழித்துவிட்டபடி கடைச் சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். “எல்லாம் சரிம்மா, இதுக்குச் சோறு போட ஒயர் எங்க?” என்றார். நான் மீட்டர் பெட்டியைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். “யானைக்கு ஸ்பூன்ல ஊட்டப் போறீங்க” என்று சொல்லிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மாவு மில்லில் நிற்பவர்களுக்கு அரைத்து முடியும்வரை வேறு வேலை கிடையாது. பேசுவார்கள். எனக்கு அதுதான் படிப்பு. பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றுவிட்டது. மீதியெல்லாம் தராசுக்குப் பின்னால் நின்று காதால் வாங்கியது. யார் எதைச் சொன்னாலும் எனக்குள் ஒட்டிக்கொள்ளும், வீட்டுக்குப் போய் அவரிடம் அப்படியே சொல்லிக் காட்டுவேன். அந்த ஸ்பூன் பேச்சை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவர் அங்கேயே உட்கார்ந்துவிடுவார் என்று பயம்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். மில்லை நடத்துவது நாங்கள் இரண்டு பேர்தான். மெஷின் அவருக்கு, தராசும் வாயும் எனக்கு. தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருந்தோம். கட்டடத்தை இடித்து ஃப்ளாட் கட்டப் போவதாகச் சொன்னார்கள். பொங்கல் மாவை அரைத்துக் கொடுத்த கையோடு காலி செய்தோம். இடம் தேடி அலைந்ததில் அவருக்கு முழங்கால் வீங்கியது, எனக்குச் செருப்பு தேய்ந்தது. கடைசியில் சிட்லபாக்கத்தில் ஒரு வீட்டின் கீழே ரோட்டைப் பார்த்த கடை ஒன்று கிடைத்தது. எங்களுக்கு முன்னால் அங்கே ஜெராக்ஸ் கடை இருந்ததாம். பழைய வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேராவது வண்டியில் வந்துவிடக்கூடிய தூரம். குறை ஒன்றே ஒன்று. அங்கே இருந்தது சிங்கிள் ஃபேஸ் கரண்ட். எங்களுடையது மூன்று ஹெச்.பி. மோட்டார், த்ரீ ஃபேஸ்.

“அதுக்கென்ன, த்ரீ ஃபேஸ் எழுதிக் கொடுத்து வாங்கிடுங்க” என்று எல்லோரும் சுலபமாகச் சொன்னார்கள். வாங்கலாம்தான். ஆனால் அந்த வீடு அண்ணன் தம்பி மூன்று பேருக்குப் பொது. மூன்று பங்குக்கும் சம்மதக் கையெழுத்து வேண்டும். பெரியவர் காலமாகிவிட்டார், அவர் மனைவி மாடியில் இருக்கிறார். எங்களுக்குக் கடையைக் கொடுத்தது அந்த அக்காதான். அவர் உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார். நடுவில் உள்ளவர், கடைக்குட்டி போட்டால் நானும் போடுகிறேன் என்றார். கடைக்குட்டி வெளிமாநிலத்தில் இருக்கிறார், இவர்கள் யார் போன் செய்தாலும் எடுப்பதில்லை.

மாடி அக்காவே சொன்னார்: “மூணு ஃபேஸ் வேணும்னா மூணு பேரும் ஒத்துப் போகணுமேம்மா. இவங்க மூணு பேரும் ஒண்ணா இலையில உக்காந்ததே என் கல்யாணத்துலதான்.” சொல்லிவிட்டு ஒரு நிபந்தனையும் வைத்தார். “உங்க மெஷின் ஓடட்டும், நான் வேணாங்கல. ஆனா என் ஃப்ரிட்ஜும் டிவியும் ஆடக் கூடாது. டிவி போச்சுன்னா எனக்குப் பேச்சுத்துணை யாரும் இல்ல.”

இதற்கிடையில் படப்பையிலிருந்து ஒருவர் வந்து போனார். அந்தப் பக்கம் பெரிய மில் வைத்திருப்பவர், எங்களுக்குப் பல வருஷப் பழக்கம். மெஷினைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, கஷ்டப்படாதீங்க. எனக்குக் கொடுத்துடுங்க. மொளகா சீசன் ஆரம்பிக்கறதுக்குள்ள எனக்கு இன்னொரு மெஷின் வேணும். ஒரு போன் போடுங்க, குட்டியானை வண்டியோட வந்து நிக்கிறேன்” என்றார்.

மில் வைத்திருப்பவர்களுக்கு மிளகாய் சீசன் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். மாசி பாதியில் வெயில் ஏறத் தொடங்கும். மொட்டைமாடிகளில் மிளகாயும் மல்லியும் காயும். ஒரு வீட்டுக்கு ஒரு வருஷத்துக்கு வேண்டிய தூளை அந்த ஒன்றிரண்டு மாதங்களில்தான் அரைத்து வைத்துக்கொள்வார்கள். அப்போது எந்த மில்லுக்குப் போகிறார்களோ அந்த மில்தான் வருஷம் முழுக்க. அந்த நேரத்தில் நம் மோட்டார் ஓடவில்லை என்றால் அவர்கள் குரோம்பேட்டைக்குப் போவார்கள், அல்லது பாக்கெட் தூளுக்குப் போவார்கள். போனவர்கள் திரும்ப மாட்டார்கள். ஆகவே கணக்கு எளிது. சீசனுக்குள் மோட்டார் ஓடினால் எங்களுக்கு மில் உண்டு. இல்லாவிட்டால் மெஷின் படப்பைக்கு. என் வீட்டுக்காரர் அறுபதைத் தொடப் போகிறார், வேறு வேலை தெரியாது. நானாவது எங்கேயாவது போய் நின்று பேசிப் பிழைப்பேன்.

எங்கள் எலக்ட்ரீஷியன் பழைய கடைக்கு வந்துகொண்டிருந்தவர்தான். என்னைவிட நாலைந்து வயது சின்னவர் இருப்பார். வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய். வந்ததும் மோட்டார் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

“சிங்கிள் ஃபேஸ் மோட்டாரே ஒண்ணு வாங்கி மாட்டிட்டா என்னப்பா?” என்று நான்தான் கேட்டேன்.

“மாட்டலாங்கா. ஸ்டார்ட்டாவும்போது மொத்த வூட்டு கரண்டையும் ஒரே இழுப்பா இழுக்கும். மாடிக்கார அம்மா டிவிய தூக்கினு கீழ வந்துடும். அப்புறம் அதுக்குள்ள ஒரு சுவிட்சு கீது. உன் மொளகாத்தூளு அதுல போய் உக்காந்துச்சுன்னு வையி, வாராவாரம் என்னைக் கூப்புட்டுகினே இருப்ப. எனக்கு லாபம்தான், உனக்கு பேஜாரு.”

“அப்போ?”

“இருக்கற மோட்டாரையே ஓட்டலாம். கன்வெர்ட்டர் போட்டுக்கலாம். ஒரு லைன்ல வர்றத மூணு லைன் மாதிரி காட்டி மோட்டார ஏமாத்தறது. அதுல மூணு தினுசு கீது. மொதல்ல சீப்பானத பாப்போம்.”

சீப்பானது ஒரு தகரப் பெட்டி. உள்ளே கெப்பாசிட்டர்கள். மோட்டாரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, அங்கே இருந்த பித்தளைப் பட்டைகளை ‘ஸ்டார்’ என்ற இணைப்பிலிருந்து ‘டெல்டா’வுக்கு மாற்றிப் போட்டார். குறைந்த வோல்டேஜுக்கு அப்படித்தான் போட வேண்டுமாம். பெட்டியை இணைத்தார். என் வீட்டுக்காரர் சாமி படத்தைப் பார்த்துவிட்டு ஸ்விட்சைப் போட்டார். மோட்டார் ஒரு முனகல் முனகி, யோசித்து, ஓடியது. பெல்ட் சுற்றியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எலக்ட்ரீஷியன் வாயிலிருந்த ஏலக்காயைத் துப்பிவிட்டு, “டீ சொல்லுக்கா” என்றார்.

வெறும் மெஷின் ஓடியதற்கு நாங்கள் டீ குடித்தோம். அதுதான் விஷயம்.

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் முதலில் வந்தது இடியாப்பக்கார அக்கா. தெருமுனையில் காலையும் சாயங்காலமும் இடியாப்பம் விற்பவர், பழைய கடையில் எங்களுக்கு நாள் தவறாத வாடிக்கை. நான் ஊதுபத்தி கொளுத்தத் திரும்பியதுதான். அதற்குள் அவர் ஊறவைத்து உலர்த்திய அரிசியை மெஷின் மேலிருக்கும் தொட்டியில் கவிழ்த்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் மில்லில் வரிசை என்பது அப்படித்தான். டப்பாவை வைத்து இடம் பிடித்தால் யாராவது காலால் நகர்த்திவிடுவார்கள். தொட்டியில் கொட்டிய அரிசியை யாரும் அள்ளி எடுக்க மாட்டார்கள். யாருடையது தொட்டியில் இருக்கிறதோ அவர்தான் முதல் ஆள். கொட்டிவிட்டு நிம்மதியாகப் போய்க் கீரை வாங்கிக்கொண்டு வருவார்கள். தொட்டிக்கு அடியில் தானியம் இறங்குவதைக் கட்டுப்படுத்த ஒரு தகடு உண்டு. அதை என் வீட்டுக்காரர் ஓர் இடத்தில் அரத்தால் கீறி அடையாளம் வைத்து, அந்த அளவிலேயே எப்போதும் திறந்து வைத்திருப்பார். கொட்டியதும் கொஞ்சம் உள்ளே இறங்கி நிற்கும். த்ரீ ஃபேஸில் அது ஒரு பொருட்டே இல்லை. ஸ்விட்சைப் போட்டால் உள்ளே இருப்பதையும் சேர்த்து அரைத்துக்கொண்டு கிளம்பும்.

இந்தப் பெட்டியில் கிளம்பவில்லை. “ம்ம்ம்ம்” என்று ஒரே சத்தம். விளக்கு மங்கியது. மாடியிலிருந்து, “ஏம்மா, ஃப்ரிட்ஜ் கும்பிடு போடுதும்மா!” என்று குரல் வந்தது. எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன்.

“உள்ள மால் இருக்குதா?”

“இருக்கு.”

“ஆஃப் பண்ணு ஆஃப் பண்ணு, பொக வர்றதுக்கு முன்னாடி! அக்கா, மூணு பேர் சேர்ந்து தள்ற வண்டிய இப்ப ஒருத்தன் தள்றான். ஓடினு இருக்கற வண்டின்னா ஒருத்தனே தள்ளிகினு போவான். லோடோட நிக்கற வண்டிய எப்டி கெளப்புவான்? காலியா ஓட்டி, அப்புறம் கொட்டணும்.”

மெஷினைத் திறந்து கையால் அள்ளி எடுத்தோம். பாதி உடைந்த அரிசி. இடியாப்பக்கார அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். “இடியாப்பத்துக்குக் கொடுத்தேன், உப்புமா ரவை தர்றீங்க. சரி, இன்னைக்கு எங்க வீட்ல உப்புமா” என்று வாங்கிக்கொண்டார். அவர் சிரித்ததால் பிழைத்தோம்.

அதன் பிறகு நாங்கள் பட்ட பாடு. ‘தொட்டியில் கொட்டாதீர்கள்’ என்று அட்டையில் எழுதி மாட்டினேன். அதைப் படித்துக்கொண்டே கொட்டினார்கள். “காலியா ஓடட்டும், அப்புறம் கொட்டுங்க” என்றால், “அப்போ என் டர்ன் எப்படித் தெரியும்?” என்றார்கள். அவர்களை விடுங்கள், என் வீட்டுக்காரர் கைக்கே பழக்கம் போகவில்லை. அரைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் ஒரு நிமிஷம் போய் வரும். வந்ததும் கை தானாக ஸ்விட்சுக்குப் போகும். தகட்டைச் சாத்த வேண்டும், உள்ளே இருப்பதை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் ஸ்விட்சைப் போட்ட பிறகுதான் ஞாபகம் வரும். மறுபடியும் “ம்ம்ம்ம்”. மறுபடியும் மாடியிலிருந்து குரல். மெஷினைத் திறந்து எடுத்தால், “என் மாவு குறையுதே” என்று சந்தேகப் பார்வை வேறு. ஒரு நாள் பெட்டிக்குள் ‘டப்’ என்று வெடித்து, மெழுகு உருகின மாதிரி ஒரு நாற்றம் வந்தது.

இவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். “விட்டுடலாம்மா” என்றார். கோபமில்லை, வருத்தம்கூட இல்லை. குடித்து முடித்த டம்ளரைக் கீழே வைப்பது மாதிரி சொன்னார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

“இன்னும் ரெண்டு தினுசு இருக்குன்னாரே” என்றேன்.

“நீ போய்ப் பாத்துட்டு வா. எனக்கு முட்டி வலிக்குது.”

இரண்டாவது தினுசைப் பார்க்க எலக்ட்ரீஷியன் வண்டியில் குரோம்பேட்டைக்குப் போனேன். அங்கே ஒரு மர வேலைப் பட்டறையில் அது ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி இல்லை, இன்னொரு மோட்டார். அது எந்த வேலையும் செய்யாது. சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். அது சுற்றுவதால் மூன்றாவது லைன் உண்டாகி, ரம்ப மெஷினின் மோட்டார் லோடோடு கூடக் கிளம்பிவிடும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரிய தேக்குக் கட்டையை அறுத்துக் காட்டினார்கள். எங்கள் பிரச்சினைக்கு மருந்து இதுதான் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் சத்தம்! காலையில் போட்டால் சாயங்காலம் வரை அந்த ‘ங்ங்’ ஓயாதாம். பட்டறைக்காரர் என் காதருகே வந்து கத்திச் சொன்னார்: “நம்ம வீட்டு விசேஷம் மாதிரிதாம்மா. வேலை செய்றவனைவிட சும்மா சுத்துறவன் போடுற சத்தம்தான் ஜாஸ்தி!”

திரும்பும் வழியில் எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். “கரண்ட் பில்லு?”

“அது சும்மா சுத்துனாலும் சாப்புடும்க்கா.”

மாடி அக்காவின் டிவியை நினைத்துப் பார்த்தேன். அந்த அக்கா பகலில் படுத்துக்கொண்டே சீரியல் பார்ப்பவர். அவர் கட்டிலுக்கு நேர் கீழேதான் மெஷின். வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

மிச்சம் ஒன்று. அதற்குப் பேர் டிரைவ். ஒரு லைனை உள்ளேயே மூன்றாக்கி, மோட்டாரை மெல்ல மெல்லக் கிளப்பிவிடும் எலக்ட்ரானிக் பெட்டியாம். அதற்காக எலக்ட்ரிக் ட்ரெயினில் பீச் ஸ்டேஷன் வரை போய், பாரிஸ் கார்னர் பக்கம் மோட்டார் கடைகள் இருக்கும் சந்துகளில் ஏறி இறங்கினோம். ஒவ்வொரு கடையிலும் மோட்டார் மேலிருக்கும் பிளேட்டின் போட்டோவைக் கேட்டார்கள். நல்லவேளை, போனில் எடுத்து வைத்திருந்தேன். ஒரு கடைக்காரர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “உங்க மோட்டாருக்குச் சரியா இருக்கற சைஸ் வேணாம், ஒரு படி மேல போங்க. சிங்கிள் ஃபேஸ்ல இருந்து எடுக்கும்போது அதுக்கு மூச்சு வாங்கும்” என்றார். இன்னொருவர் ஒரே டிரைவில் பத்து மெஷின் ஓட்டலாம் என்றார். எலக்ட்ரீஷியன் என் புடவை முந்தானையை இழுக்காத குறையாக என்னை வெளியே கூட்டிவந்து, “இவன் கடல்ல கப்பல் ஓட்றவன்க்கா, வா” என்றார். முதல் கடைக்கே போய் வாங்கினோம். விலையை இவரிடம் சொல்லும்போது தண்ணீர்ச் சொம்பையும் கையில் வைத்திருந்தேன்.

டிரைவ் வந்ததும் ஒரு சங்கடம். அதற்கு முதுகில் ஒரு குட்டி ஃபேன் உண்டு. மிளகாய்த்தூள் அதற்குள் போனால் அவ்வளவுதான். அதனால் மெஷின் பக்கம் வைக்க முடியாது. முன்பக்கம், வாடிக்கைக்காரர்கள் நிற்கும் இடத்தில், சுவரில் கதவு வைத்த இரும்புப் பெட்டிக்குள் மாட்டினார் எலக்ட்ரீஷியன். கதவில் சின்னக் கண்ணாடி. அதன் வழியாகச் சிவப்பில் ஒளிரும் எண் தெரியும். மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அந்த எண் சொல்லுமாம். ஸ்விட்சுக்கு மட்டும் ஒயர் இழுத்து உள்ளே இவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார்.

போட்டுப் பார்த்தோம். மோட்டார் முனகவில்லை. தூங்கி எழுந்த குழந்தை மாதிரி மெல்ல மெல்ல எழுந்து, வேகம் பிடித்து, ஓடியது. விளக்கு மங்கவில்லை. மாடியில் சத்தமே இல்லை. நானே மேலே போய், “அக்கா, ஃப்ரிட்ஜ் எப்படி?” என்று கேட்டேன். “ஏன், இன்னும் போடலையா?” என்றார். அரிசி, கோதுமை எல்லாம் சரியாக ஓடியது. தொட்டியில் கொட்டுகிறவர்கள் இன்னும் கொட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். இவர் தகட்டைச் சாத்தி வைத்துக்கொண்டு கிளப்பப் பழகியிருந்தார். மறந்தால் டிரைவே நிறுத்திவிடும், புகை இல்லை.

முதல் மிளகாய் நாள் வந்தது.

மிளகாய் அரிசி மாதிரி இல்லை. எண்ணெய்ப் பசை உண்டு. சரியாகக் காயாததாக இருந்தால் உள்ளே அப்பிக்கொள்ளும். பழைய கடையில் மோட்டார் திணறினால் அந்தத் திணறல் இவர் காதுக்குத்தான் முதலில் கேட்கும். கை தகட்டைக் கொஞ்சம் சாத்தும். மோட்டார் மூச்சு விடும். கை மறுபடியும் திறக்கும். இவருடைய தொழில் அவ்வளவும் அந்தக் காதில்தான் இருந்தது. டிரைவ் போட்ட பிறகு மோட்டார் சத்தத்தோடு மெல்லிய விசில் ஒன்று சேர்ந்துகொண்டது. அந்த விசிலுக்குள் திணறலை இவரால் பிடிக்க முடியவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருப்பது போலவே இருக்கும், திடீரென்று டிரைவ் நிறுத்திவிடும். திறந்து சுரண்டி எடுத்து, தும்மி, மூக்கைத் துடைத்து, மறுபடி ஓட்டினால் மறுபடி நிற்கும். அரைக்க வந்த அம்மா ஒருவர் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, “பாதியில நிறுத்தி நிறுத்தி அரைச்சா தூள் கருத்துடும். நான் வேற எடத்துல பாத்துக்கறேன்” என்று மிச்ச மிளகாயை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பத்து வருஷம் எங்களிடம் அரைத்தவர்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். அவர் பெட்டிக் கதவின் கண்ணாடியைத் தட்டிக் காட்டினார். “ண்ணா, காதுல கேக்காத. நெம்பர பாத்து ஓட்டு. ஒம்பதைத் தாண்ட வுட்டா அது நிறுத்திடும். எட்டரை வந்ததுமே சாத்திடு.”

“நெம்பர் இங்க இருக்கு, தகடு அங்க இருக்கு. நான் கழுத்தை நீட்டறதா, கையை நீட்டறதா?” என்றார் இவர்.

நானே பார்த்துச் சொல்கிறேன் என்றேன். சொன்னேன். ஆனால் எடை போட வேண்டும், காசு வாங்க வேண்டும், யாராவது, “என்னம்மா, இந்தப் பக்கம் வந்துட்டீங்க” என்று கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. பேச்சு முடிந்து திரும்பிப் பார்த்தால் மோட்டார் நின்றிருக்கும். மறுபடி நின்ற ஒரு சமயம் இவர் வெளியே வந்தார். முகம், புருவம், சட்டை எல்லாம் சிவப்பு. என்னைத் திட்டவில்லை. போனை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் போனார். “வண்டி எடுத்துட்டு வந்துடுங்க” என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. தடுக்க என்னிடம் தெம்பு இல்லை. அலைந்தது, வாங்கியது, சமாளித்தது எல்லாம் சேர்ந்து உடம்பு தரையைத் தேடியது.

மறுநாளும் மிளகாய்தான். வரச் சொன்னவர்களை என்ன செய்வது? படப்பைக்காரர் வந்து எடுக்கும்வரை அரைத்துக் கொடுப்போம் என்று திறந்தோம். இடியாப்பக்கார அக்கா தன் வீட்டு மல்லியையும் மிளகாயையும் கொண்டுவந்திருந்தார். அவருக்கு முன்னால் ஒருவருடையது ஓடிக்கொண்டிருந்தது. நான் எடை போட்டுக்கொண்டிருந்தேன். அந்த அக்காவுக்குச் சும்மா நிற்கத் தெரியாது. கண்ணாடிக்குள் எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், நான் காலையில் எண்ணைப் படித்துக் கத்தியதைக் கேட்டிருக்க வேண்டும், தானாகவே ஆரம்பித்துவிட்டார்.

“ஏழு… ஏழரை… ண்ணா, எட்டுண்ணா! எட்டு இருவது! சாத்து சாத்து சாத்து!”

இடியாப்பம் விற்ற குரல் அது. மெஷின் சத்தத்தைத் தாண்டி உள்ளே போனது. தகடு சாத்தும் சத்தம் கேட்டது. “இறங்குது… ஏழு… ஆறரை. இப்ப வுடு!” மோட்டார் நிற்கவில்லை. முன்னவருடையது முடிந்தது. அந்த அக்கா தன்னுடையதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு உள்ளேயே நின்றுகொள்ள, அடுத்து வந்திருந்த ஓய்வுபெற்ற சார் ஒருவர் தானாகப் பெட்டி முன்னால் வந்து மூக்குக்கண்ணாடியை மேலேற்றிக்கொண்டார். “செவன் பாயிண்ட் ஃபோர்… செவன் பாயிண்ட் நைன்…” என்று ரயில்வே அறிவிப்பு மாதிரி நிதானமாகப் படித்தார்.

உள்ளேயிருந்து இவர், “சார், தமிழ்ல சொல்லுங்க, கை வேகமா வரும்” என்றார். அவர் குரலில் கிண்டல் இருந்ததைக் கேட்டு நான் தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டேன். கிண்டல் கேட்டு எத்தனை நாளாயிற்று!

மதியத்துக்குள் அது ஒரு வழக்கமாகிவிட்டது. பெட்டி முன்னால் யார் எண் படிக்கிறாரோ அவர்தான் அடுத்த ஆள். யாரும் சட்டம் போடவில்லை. தொட்டியில் கொட்டி இடம் பிடிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமல் போயிற்று. என் அட்டை செய்யாததை அந்தச் சிவப்பு எண் செய்தது.

வெயில் சாய்ந்த நேரத்தில் குட்டியானை வண்டி வந்து நின்றது. படப்பைக்காரர் கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். கூட்டத்தைப் பார்த்துத் தயங்கி, எல்லோரும் பார்க்கும் அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார். உடனே ஒரு அம்மா அவரைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னாய்யா, இப்ப வந்து நேரா பொட்டிக்குப் போறியே? நாங்கல்லாம் மனுசங்க இல்லையா? லைன்ல வா.”

“நான் அரைக்க வரலம்மா. மெஷின எடுக்க வந்தேன்.”

“எடு, யாரு வேணான்னா? என் மொளகா முடியட்டும். எங்க தங்கச்சிது முடியட்டும். அப்புறம் எடு. அதுவரைக்கும் சும்மா நிக்காம நெம்பரப் படி, நான் கொழந்தைக்குப் பிஸ்கெட் வாங்கியாறேன்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைக் கையால் காட்டினேன். படித்தார். மில்காரர் இல்லையா, எண்ணைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. “அண்ணே, எட்டு… அண்ணே, கொஞ்சம் சாத்துங்க… ஹ்ஹாச்!… ஏழே முக்கா… வுடலாம்” என்று தும்மலோடு தும்மலாகச் சொல்லிக்கொண்டே நின்றார். தோளில் கயிறு அப்படியே இருந்தது. அந்த அம்மா பிஸ்கெட்டோடு திரும்பி வரும்வரை மோட்டார் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

இவர் கடைசியில் வெளியே வந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த இடம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. படப்பைக்காரரையும் கயிற்றையும் பார்த்தார்.

“இன்னைக்கு முடியாதுப்பா. பாரு, எல்லாம் நிக்குது.”

“அப்போ நாளைக்கு வரட்டுமாண்ணே?”

இவர் வரிசையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். யோசிப்பதற்கும் களைப்பாக இருப்பவர் மாதிரிதான் சொன்னார். “நாளைக்கும் மொளகாதான். நீ வேற மெஷின் பாத்துக்கோ.”

படப்பைக்காரருக்கு முகம் தொங்கியது. ஆனாலும் நல்ல மனிதர். கயிற்றை வண்டியில் எறிந்துவிட்டு, நான் கொடுத்த டீயை நின்றபடியே குடித்தார். “அந்தப் பொட்டி எந்தக் கடையிலம்மா வாங்குனீங்க?” என்று கேட்டுக்கொண்டு போனார். வெறும் வண்டி தெருமுனையில் திரும்பும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

த்ரீ ஃபேஸ் கையெழுத்து இன்றுவரை வரவில்லை. கடைக்குட்டி இன்னும் போன் எடுப்பதில்லை. டிரைவின் ஃபேனை வாரம் ஒரு முறை துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் சூடேறி நிற்கும். வெயில் அதிகமான மத்தியானங்களில் துடைத்தாலும் நிற்கும். அப்போது பெட்டிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வந்தவர்களோடு நாங்களும் உட்கார்ந்துகொள்கிறோம். மாடி அக்கா மட்டும், “என்னம்மா, இன்னைக்குச் சத்தமே இல்ல? டிவி தனியா பேசிட்டு இருக்கு” என்று மேலேயிருந்து கேட்பார்.

படப்பைக்காரர் வெறும் வண்டியோடு போன அன்று, எல்லோரும் கிளம்பிய பிறகு, மறுநாள் காலை முதல் வேலையாக இடியாப்ப அரிசி வரும் என்று மெஷினைச் சுத்தம் செய்தோம். மிளகாய் ஓட்டிய மெஷினில் இரண்டு கைப்பிடி நொய்யைப் போட்டு ஓட்டினால் காரத்தைத் துடைத்துக்கொண்டு வந்துவிடும். எண் படிக்க வரிசையில் யாரும் இல்லை. நான் ஸ்டூலை இழுத்துப் பெட்டி முன்னால் போட்டு உட்கார்ந்தேன். கால் விண்ணென்று வலித்தது.

உள்ளேயிருந்து இவர், “எவ்வளவு?” என்றார்.

“அஞ்சு.”

நொய் இறங்கும் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

“இப்போ?”

“நாலரை.”

வெறும் மெஷின் சுற்றும்போது எத்தனை காட்டும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் மறுபடி, “இப்போ?” என்று கேட்டார்.

“நாலு” என்றேன். “நிறுத்திடுங்க.”